பூவில் பேசிய விலை

ஆகஸ்ட் 21

ஒரு பையனைப் பூவிலேயே விலை பேசிக்கொண்டு வரச் சொல்லி, மாங்கூழ் கம்பெனி சம்பங்கி முதலாளி என்னை ஸ்பெயினுக்கு அனுப்பிவிட்டார். இன்று மத்தியானம் வந்து இறங்கினேன். ஊறுகாயும் கேழ்வரகு மாவும் வைத்த பை வந்துவிட்டது. வேட்டி சட்டை வைத்த பெட்டி வரவில்லை. தோளில் கிடந்த துண்டு ஒன்றுதான் மிச்சம்.

இது சர்க்கரை அளவு எழுதிவைக்க டாக்டர் வாங்கச் சொன்ன டைரி. அதிலேயே இதையும் எழுதுகிறேன்.

காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தை மாசம் தோப்புக்குள் நடந்து, பூவைப் பார்த்து, ஆனியில் எத்தனை லோடு இறங்கும் என்று சொல்வது திம்மராயன் தொழில். பூவில் முக்கால்வாசி கொட்டிவிடும். கொட்டாமல் நிற்கப்போவது எது என்று தெரிந்தால் வியாபாரி, தெரியாவிட்டால் கடன்காரன். நான் வியாபாரியாக இருக்கிறேன்.

முதலாளி ஐரோப்பாவுக்குக் கூழ் அனுப்புகிறார். ஒரு பெல்ஜியம்காரன் நடத்தும் சைக்கிள் டீமில் நம் அஞ்செட்டிப் பையன் ஒருவன் ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டு, டீம் சட்டையில் மாம்பழப் படம் போட ஆசைப்பட்டுவிட்டார். இங்கே ஒரு பந்தயம் நடக்கப்போகிறது. மூன்று வாரம் ஓட்ட வேண்டும். எல்லா நாள் நேரத்தையும் கூட்டி, யாருடைய நேரம் குறைவோ அவன் ஜெயித்தவன். இதுமாதிரி பெரிய பந்தயம் பிரான்சில் ஒன்று, இத்தாலியில் ஒன்று, இங்கே ஒன்று. இன்னும் ஐந்து வருஷத்தில் இதில் ஒன்றையாவது இந்தப் பையன் ஜெயிப்பானா? அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"அதெல்லாம் படிச்சவங்க பாக்கற விஷயம் மொதலாளி" என்று சொல்லிப் பார்த்தேன்.

"படிச்சவன் நாப்பது பக்கம் ரிப்போர்ட் குடுத்திருக்கான். கடைசிப் பக்கத்துல 'உறுதியா சொல்ல முடியாது'ன்னு எழுதியிருக்கான். அதச் சொல்ல நாப்பது பக்கமா? நீ போயி மரத்தப் பாரு திம்மராயா."

நான் சரி என்றால் முதலாளி டீமுக்குப் பணம் கட்டி வருவார், டீம் பையனை வைத்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் வருஷக் கடைசியில் அவன் ஒப்பந்தம் முடிகிறது. அஞ்செட்டிக்கு பஸ் ஏற வேண்டியதுதான். இது அவனுக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 22

பையன் பேர் மாதேஷ். இருபத்தொரு வயசு. முருங்கைக்காய்க்குச் சட்டை போட்ட மாதிரி இருக்கிறான். பட்டாளத்து விளையாட்டுப் பள்ளியில் சேர்த்துக்கொண்டு சைக்கிள் கொடுத்தார்களாம். அங்கிருந்து இவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டே வந்துவிட்டான்.

"சார், டீ குடிக்கறீங்களா?"

"சாரெல்லாம் வேணாம். நம்ம பக்கத்துப் பையன், மாமான்னு கூப்டு."

"சரிங்க மாமா. இங்க டீன்னு ஒன்னு குடுப்பாங்க. டீ இல்ல அது."

டீம் ஆட்கள் எனக்கு அவர்கள் சட்டையும் அரைக்கால் டவுசரும் கொடுத்தார்கள். சட்டை வயிற்றோடு ஒட்டிக்கொள்கிறது. மேலே துண்டைப் போட்டு மறைத்தேன். என் பெண்டாட்டி ருக்கு பார்த்தால் சிரிப்பாள்.

சாயங்காலம் அவன் சாப்பிடுவதைப் பார்த்தேன். சோறு, சேமியா மாதிரி ஒன்று, கோழி, மறுபடி சோறு. அவசரம் இல்லை, பேச்சு இல்லை. எழுந்து போய்ப் படுத்தான், தூங்கிவிட்டான். மற்ற ஏழு பேரும் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள்.

என்ன விலை சொன்னாலும் வாங்கலாம். இதை யாரிடமும் சொல்லக் கூடாது.

ஆகஸ்ட் 23

பந்தயம் ஆரம்பம். எல்லோரும் ஒரே கும்பலாகப் போனார்கள். ஒன்றும் தெரியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் டீமை நடத்தும் வில்லெம் என் எதிரே உட்கார்ந்தார். ஆறடிக்கு மேல் உயரம், முகத்தில் எதுவும் தெரியாது. எனக்கு இங்கிலீஷ் வராது, அவருக்குத் தமிழ் வராது. நடுவில் மாதேஷ்தான் மொழிபெயர்ப்பு. ஒரு கையில் முள்கரண்டி, இரண்டு பக்கமும் தலை திரும்புகிறது.

பையனைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று வில்லெம் கேட்டார்.

வாங்க வந்தவன் சரக்கைப் புகழ்ந்தால் விலை ஏறும். இது எங்கள் மண்டியில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அதனால் வழக்கப்படி ஆரம்பித்தேன்.

"தொடை ஒல்லி."

மாதேஷ் என்னைப் பார்த்தான். பிறகு அவரிடம் சொன்னான்.

"மூச்சு பத்தாது. மூக்குத் துவாரம் சின்னது பாரு. மழை பேஞ்சா படுத்துக்குவான். மொத வாரம் பூ நல்லாத்தான் இருக்கும், மூணாம் வாரம் மொத்தமா கொட்டிடும்."

"மூக்கையும் சொல்லணுமா மாமா?"

"எல்லாத்தயும் சொல்லு."

சொன்னான். ஒரு வார்த்தை விடவில்லை. மூக்கைத் தொட்டுக்கூடக் காட்டினான். நல்ல பையன்.

விற்கிறவன் இந்த இடத்தில் கோபப்பட வேண்டும். 'இந்தத் தோப்புக்கா குறை சொல்ற, போய்யா' என்று துண்டை உதறி எழுந்திருக்க வேண்டும். அப்புறம் நான் கையைப் பிடித்து உட்கார வைப்பேன். வியாபாரம் அங்கேதான் தொடங்கும். வில்லெம் என்ன செய்தார் தெரியுமா? தலையாட்டிவிட்டு எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டார்.

"என்னடா சொல்றாரு?"

"சரிதான்ங்கறாரு மாமா."

ஆகஸ்ட் 25

பெட்டி வரவில்லை. மாத்திரை போட்டாச்சு.

வெயில் நம் ஊர் சித்திரை மாதிரி. துண்டு எதற்கு என்று வில்லெம் கேட்டார். வேர்வை துடைக்க, தலைக்குக் கட்ட, விலை பேச என்றேன். விலை எப்படி என்றார். வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் துண்டுக்குள் போகும், விரலைப் பிடித்துப் பேசுவோம், சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியாது. ஒரு விரல் என்றால் ஒன்று, முழுக் கையையும் பிடித்தால் ஐந்து, பிடித்த பிடியை மாற்றக் கூடாது என்று மாதேஷை வைத்துச் சொன்னேன். அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 27

ருக்கு போன் செய்தாள். பையன் எப்படி என்றாள். நல்ல சரக்கு, குறை சொல்லிக் கொண்டிருக்கிறேன் என்றேன்.

"அவன் காதுல விழறாப்புலயா?"

"அவன்தானே மாத்திச் சொல்றான்."

"ஓசூர்ல பொண்ணு பாக்கப் போனப்ப இப்பிடித்தான் பேசனீங்க" என்றாள்.

அது வேறு விஷயம். பெண் பிடித்திருந்தது. பிடித்திருந்ததால்தான் பல் கொஞ்சம் எடுப்பு, படிப்புக்கு ஏத்த வேலை இல்லை என்று இரண்டு வார்த்தை சொன்னேன். அவர்கள் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். வியாபாரம் தெரியாத குடும்பம். மகன் யுவராஜுக்கு பெங்களூரில் வேலை அதிகம். ஆறு மாசமாகப் போன் செய்ய நேரமில்லை அவனுக்கு.

ஆகஸ்ட் 28

தினமும் பந்தயம் முடிந்ததும் சிலரைக் கூப்பிட்டு ஒன்றுக்குப் போகச் சொல்லி, அதைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். மருந்து போட்டு ஓட்டுகிறானா என்று பார்க்கவாம். நல்ல ஏற்பாடு. வேரில் மருந்து ஊற்றிக் காய்க்க வைத்த மரத்தையும் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த பழத்தையும் கண்டுபிடிக்க நான் எவ்வளவு பாடுபடுகிறேன். மாங்காய்க்கு இப்படி ஓர் ஆபீசர் இருந்தால் மண்டியில் பாதிப் பேர் உள்ளே இருப்பார்கள்.

மாதேஷைக் கூப்பிட்டார்கள். சுத்தம்.

ஆகஸ்ட் 30

முதல் பெரிய மலை. டீம் காரில் வில்லெம் பக்கத்தில் உட்கார்ந்து டிவியில் பார்த்தேன். பெரிய பெரிய பேர் எடுத்தவர்களெல்லாம் வாய் திறந்து மூச்சு வாங்குகிறார்கள். இவன் வாயை மூடிக்கொண்டு ஏறுகிறான். பதினான்காவதாக வந்தான். முதல் தடவை இந்தப் பந்தயத்துக்கு வருகிற பையனுக்கு அது பெரிசு என்று வில்லெம் முகத்திலேயே தெரிந்தது. முதல் தடவையாக அந்த முகத்தில் ஏதோ தெரிந்தது.

விலை ஏறுகிற நேரம். விடக் கூடாது. சாப்பாட்டில் சொன்னேன்:

"குருட்டு யோகம். காத்து பின்னால இருந்து அடிச்சுது. ஒரு வருஷம் காய்ச்ச மரம் மறு வருஷம் படுத்துக்கும். அந்த ஜாதி இவன்."

மாதேஷ் முள்கரண்டியைக் கீழே வைத்தான். எல்லாவற்றையும் சொன்னான். கடைசியில் என்னிடம், "வேற ஏதாவது இருக்குதா சார்?" என்றான்.

வில்லெம் யோசித்து, யோசித்து, சரி என்றார். முகம் பழையபடி ஆகிவிட்டது.

விற்கிறவன் எல்லாக் குறைக்கும் சரி சரி என்றால் எனக்குப் பயம் வருகிறது. நான் சொன்னதைவிடப் பெரிய குறை ஒன்று உள்ளே இருக்கிறதோ? இருந்தால் என் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை?

செப்டம்பர் 1

ஓய்வு நாள். டீமுக்குச் சமைக்கிறவனை நகர்த்திவிட்டுக் களி கிண்டினேன். நாட்டுக்கோழி கிடைக்கவில்லை, கிடைத்த கோழியில் குழம்பு. ஒரு நார்வே பையன் இரண்டு உருண்டை முழுங்கிவிட்டு, இது கான்கிரீட்டா என்று கேட்டானாம். மாதேஷ் தொடவில்லை.

"பசி இல்ல சார்."

சேமியாவைத் தின்றான். ஒரு தட்டு.

செப்டம்பர் 2

இன்றிலிருந்து மாதேஷுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கிற வேலை. பின்னால் காருக்கு வந்து, சட்டைக்குள் ஏழெட்டு பாட்டில் திணித்துக்கொண்டு, மறுபடி முன்னால் போய் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். மூன்றாம் வாரம் கொட்டிப்போகிறவனை மலைக்கு வைத்திருந்து என்ன பயன் என்று வில்லெம் கேட்கிறார். கேள்வி நியாயம். யார் சொன்னது அது என்று நான் கேட்கவில்லை.

காருக்கு வந்தபோது ஜன்னல் வழியே ஒரு பாட்டிலை நான் நீட்டினேன். வில்லெம் பக்கம் போய் வாங்கிக்கொண்டான்.

செப்டம்பர் 4

ஒரு பெரிய விஷயம் கண்டுபிடித்தேன். மூன்று வாரப் பந்தயத்தைக் கால் ஜெயிக்கவில்லை, வயிறு ஜெயிக்கிறது. இரண்டாம் வாரம் முடிவதற்குள்ளேயே பாதிப் பேருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறார்கள். எவன் தின்று செரித்துத் தூங்கி எழுகிறானோ அவன்தான் மூன்றாம் வாரத்தில் ஏறுவான். பூ நிற்பது வேரில் என்கிற மாதிரி.

வில்லெமிடம் சொன்னேன்.

"அது அவருக்கு முப்பது வருசமா தெரியும்ங்கறாரு சார். சோறு எடை போட ஆளு இருக்குதாம்."

சரி.

செப்டம்பர் 5

வில்லெம் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றால் மாதேஷோடு.

பேசியது இவ்வளவுதான். உங்களை மாதிரி அனுபவம் உள்ளவர் இவ்வளவு குறை சொன்ன பிறகு நாங்களும் மறுபடி யோசித்தோம். அவனுக்கு அடுத்த வருஷம் ஒப்பந்தம் இல்லை. உங்கள் முதலாளி வேறு ஆளை வைத்து டீமுக்கு வருவதாக இருந்தால் பேசலாம்.

அவ்வளவையும் மாதேஷ் தானே தமிழில் சொன்னான். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. "அவ்ளோதான் சார்" என்று முடித்தான்.

நான் அந்த நேரத்திலேயே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் விற்கிறவன் முன்னால் சரக்கைப் புகழ்ந்து எனக்குப் பழக்கமில்லை. நாக்கு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "யோசிச்சு சொல்றேன்" என்றேன்.

விற்கத் தெரியாதவனோடு வியாபாரம் பேசுவதைப் போல ஒரு கஷ்டம் இல்லை.

சர்க்கரை கூடியிருக்கிறது.

செப்டம்பர் 6

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இன்று மலாகா பக்கத்து மலை. விருந்தாளி காரில் பாக்கோ என்கிற டிரைவர் என்னைப் பந்தயத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனான். ஒரு மேட்டில் திரும்பினால் இரண்டு பக்கமும் மாமரம். குட்டை மரம், சரிவில் வரிசை வரிசையாக. காய் தொங்குகிறது. ஆவணியில் மாங்காய் பறிக்கிற ஊரை நான் கண்டதில்லை. நிறுத்து நிறுத்து என்று பாக்கோவின் தோளைத் தட்டினேன்.

தோட்டக்கார அம்மா ஒருத்தி கூடையோடு நின்றாள். மரத்தைச் சுற்றி வந்தேன். கொப்பை வளைத்துப் பார்த்தேன், மண்ணைக் கிள்ளிப் பார்த்தேன். சொட்டு நீர் போட்டிருக்கிறாள். நேர்த்தியான தோப்பு. உடனே, "தோல் தடிப்பு, நார் இருக்கும், நிறம் மட்டும்தான் கவர்ச்சி" என்று தமிழில் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே கை நிறையப் பழம் கொடுத்தாள், காசு வாங்கவில்லை. விற்கத் தெரிந்த ஆள் இந்த நாட்டில் ஒருவர்கூட இல்லை.

ஒன்றைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஹெலிகாப்டர் வந்தது. கீழே பார்த்தால் ஒரே ஒரு சைக்கிள் மேடேறி வருகிறது. அதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் கேமராக்காரன். சைக்கிளில் மாதேஷ். பாட்டில் எடுக்க வேண்டியவன், எல்லோரையும் விட்டுவிட்டு மத்தியானத்திலிருந்து தனியாக ஓட்டி வருகிறானாம். எனக்குத் தெரியாது. நான் தோப்பில் இருந்தேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிரேக் பிடித்தான். ஒரு காலை ஊன்றி நின்றான்.

"சார்."

"ஏன்டா நிக்கற, ஓட்டு."

"ஓட்டறேன். மொதல்ல சொல்லுங்க. என் காலுல என்ன குறை?"

"பின்னால வராங்கடா."

"வரட்டும். கிட்ட வர கொஞ்சம் நேரம் ஆவும். மூணாம் வாரம் கொட்டிடுவேன்னு எதப் பாத்து சொன்னீங்க? அதச் சொல்லுங்க, போயிடறேன்."

கேமராக்காரனும் நின்றுவிட்டான். பாக்கோ தலையில் கை வைத்துக்கொண்டான். தோட்டக்கார அம்மா கூடையைக் கீழே வைத்தாள். என் வாயில் மாங்காய்.

"குறை ஒன்னும் இல்லடா" என்றேன். "வாங்க வந்தவன் குறைதான் சொல்லுவான். வெல கொறைக்கறதுக்கு. உங்கப்பன் எதயும் வித்ததில்லயா?"

"எங்கப்பன் ரோஜா பறிக்கற கூலி. அவரு எதயும் வித்ததில்ல சார்."

"சரி, பொய் சொன்னேன். போ."

"நல்ல பொய் சார். நானே இங்கிலீஷ்ல சொல்லிச் சொல்லி நம்பிட்டேன்."

அதற்குள் வில்லெம் கார் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. அவர் இறங்கிச் சாலையை நோக்கிக் கையைக் கையை நீட்டினார். முகத்தில் எல்லாமே தெரிந்தது. மாதேஷ் அசையவில்லை.

"இவரண்ட சொல்லுங்க. நான் மாத்திச் சொல்றேன்."

"இப்பவா?"

"அப்ப சாப்பாட்டுல சொன்னீங்க இல்ல? எனக்குத் தட்டு ஆறிப்போச்சு. இப்ப சொல்லுங்க."

சொன்னேன். வேறு வழி இல்லை. நல்ல வயிறு, எதைப் போட்டாலும் அரைக்கும் என்றேன். அவன் திரும்பி அவரிடம் சொன்னான். படுத்தால் தூங்குகிற உடம்பு. சொன்னான். மலையில் வாயை மூடிக்கொண்டு ஏறுகிறான், இந்தக் கும்பலில் அப்படி ஏறுகிறவர்கள் நாலைந்து பேர்தான். சொன்னான், கொஞ்சம் மூச்சு வாங்கினான். மருந்தில் காய்த்தது இல்லை, கல் வைத்துப் பழுத்தது இல்லை. இதற்கு இங்கிலீஷ் கிடைக்காமல் திணறினான். மூக்கு? மூக்கும் நல்ல மூக்குதான். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"உன்னப் பாத்த மொத நாளே எழுதி வெச்சேன்டா, என்ன வெல சொன்னாலும் வாங்கலாம்னு."

அதை அவன் அவரிடம் சொல்லவில்லை. "இது எனக்கு மட்டும் போதும் மாமா" என்றான்.

கீழிருந்து ஐந்தாறு பேர் வந்து எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒவ்வொருவனும் திரும்பித் திரும்பிப் பார்த்தான். மாதேஷ் என் கையிலிருந்த நல்ல பழம் ஒன்றைப் பிடுங்கி, சட்டையின் முதுகுப் பையில் திணித்துக்கொண்டு, பெடலை மிதித்தான். ஏழாவதாக வந்தான்.

விற்கிறவன் முன்னால் சரக்கைப் புகழ்ந்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. உலகம் முழுக்க டிவியில் காட்டியிருக்கிறார்கள். சத்தம் கேட்காதாம். அந்த வரைக்கும் நல்லது.

செப்டம்பர் 7

வில்லெம் காலையில் ஒரு வாக்கியம்தான் பேசினார்.

"இப்பிடி ஒரு முட்டாள நான் பாத்ததே இல்லங்கறாரு மாமா. என்னயா, அவரயான்னு கேட்டேன். ரெண்டு பேரயும்ங்கறாரு."

முதலாளி போன் செய்தார். குரலில் தேன். "டிவியில உன் கையில மாங்கா, அவன் முதுகுல மாங்கா. இங்க நம்ம டீக்கடையில எல்லாம் அதான் ஓடுது. விளம்பரத்துக்கு எவ்ளோ கேப்பான், நீ சும்மா காட்டிட்டியே. அது சரி, பேசிகினு இருந்தது என்ன?"

"விலை" என்றேன்.

செப்டம்பர் 8

ஓய்வு நாள். களி கேட்டான். கிண்டினேன். மூன்று உருண்டை. பெட்டி வந்துவிட்டது. ஒரு வாரத்தில் போகப்போகிறேன், இப்போது வருகிறது.

செப்டம்பர் 9

இன்று தனித்தனியாக ஓட்டவிட்டு நேரம் பார்க்கிற நாள். சமதரை. மாதேஷ் மட்டம். படு மட்டம். பெரிய பேர்களிடம் நிறைய நேரம் இழந்தான். இதை விலை குறைக்கச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். அவனிடமும் சொன்னேன்.

"இது நிஜமா, வியாபாரமா மாமா?"

"நிஜம். சமதரையில நீ தண்டம்."

"தெரியும் மாமா" என்று தலையாட்டினான். கோபமே இல்லை.

செப்டம்பர் 11

யுவராஜுக்கு நானே போன் போட்டேன். எடுத்தான். ஓசூர் பெண் வீட்டு நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். எதற்கு என்றான். பல் வரிசை ஒன்றும் மோசமில்லை என்று சொல்லத்தான் என்றேன். வைத்துவிட்டானோ என்று நினைத்தேன். வைக்கவில்லை.

செப்டம்பர் 12

கடைசி மலை. ஆரம்பித்ததில் நாற்பது பேருக்கு மேல் விழுந்தும் காய்ச்சல் வந்தும் ஊருக்குப் போய்விட்டார்கள். களி தின்ற நார்வே பையனும் போய்விட்டான். மாதேஷை மறுபடி மலைக்கு வைத்தார் வில்லெம், காரணம் சொல்லவில்லை. எட்டாவதாக வந்தான். முதல் மலையில் பதினான்கு, கடைசி மலையில் எட்டு. மற்றவர்கள் பூ கொட்டுகிற நேரத்தில் இவனுக்குப் பிஞ்சு பிடிக்கிறது.

முதலாளிக்குப் போன் செய்தேன்.

"ஜெயிப்பானா, மாட்டானா? ஒரே வார்த்த சொல்லு."

"ஜெயிக்கறவன் பந்தயத்து நடுவுல எறங்க மாட்டான் மொதலாளி. இவன் எறங்கிட்டான்."

"அப்ப வேணாம்ங்கறியா?"

"எறங்கினவன் மறுபடி ஏறி ஏழாவதா வந்தான். மறுநாள் ரெண்டு தட்டு தின்னான். இப்ப பூ. ரெண்டு வருஷம் பிஞ்சு. அஞ்சாம் வருஷம் மொத அஞ்சு பேருல ஒருத்தன், அது என் கணக்கு. சமதரையில ஓட்டக் கத்துக்கணும், கோவத்த வீட்டுலயே வெச்சிட்டு வரணும். மொத எடம் வருமான்னா, அதுக்கு மேல மழை பேயணும். அத நான் சொல்ல முடியாது."

"ரிப்போர்ட்டுக்காரனும் இதத்தானே நாப்பது பக்கத்துல சொன்னான்?"

"நான் ஒரு போன்ல சொல்லிட்டேன் இல்ல."

சிரித்தார். "சரி, ரெண்டு வருஷத்துக்குப் பேசிட்டு வா" என்றார்.

செப்டம்பர் 14

பந்தயம் முடிந்தது. மாதேஷ் மொத்தத்தில் இருபத்தாறாவது. வேட்டி கட்டினேன்.

சாயங்காலம் டீம் பஸ் நிழலில் வில்லெமைக் கூப்பிட்டு, முதலாளி வருகிறார், ஆனால் பையன் இருக்கிற வரைக்கும்தான் மாம்பழம் சட்டையில் இருக்கும், அவனை அனுப்பினால் மாம்பழமும் போகும் என்றேன். மாதேஷ் சொன்னான். எத்தனை வருஷம் என்று அவர் கேட்டார். துண்டை எடுத்து என் கைமேல் போட்டு நீட்டினேன்.

வில்லெம் ஒரு நிமிஷம் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையை உள்ளே விட்டு, என் முழுக் கையையும் அழுத்திப் பிடித்துக் குலுக்கினார்.

"அவரு சும்மா கை குடுத்தாரு மாமா" என்று மாதேஷ் மெதுவாகச் சொன்னான்.

துண்டுக்குள் போன கைக்குச் சும்மா என்பது கிடையாது. பிடித்த பிடியை மாற்றக் கூடாது என்று அவரிடம் முதல் வாரமே சொல்லியாயிற்று, போனில் குறித்தும் வைத்திருக்கிறார். எடுத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். தன் ஐந்து விரலையும் விரித்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அப்புறம் அந்த மனுஷன் சிரித்தார். இத்தனை நாளில் அவருக்குப் பல் இருப்பதே இன்றுதான் தெரிந்தது. நானும் விடவில்லை, பல் நல்ல பல் என்று சொல்லச் சொன்னேன்.

முதலாளி இரண்டு என்றார், நான் ஐந்து பேசிவிட்டேன். கேட்டால் துண்டைக் காட்டுவேன்.

பேசி முடித்தது: மாதேஷ் இந்த டீமில் ஐந்து வருஷம். சட்டையில் இடது மார்பில் மாம்பழம், காம்போடும் ஓர் இலையோடும். மலைக்கு அவன், பாட்டிலுக்கு வேறு ஆள். பந்தயத்தின் நடுவில் எந்த மரத்தடியிலும் இறங்கக் கூடாது. இரண்டு ஓய்வு நாளும் களி, மாவு நம் செலவு. வருஷத்துக்கு ஒருமுறை நான் நேரில் வந்து பார்ப்பேன். குறை இருந்தால் உள்ள குறையை மட்டும் சொல்ல வேண்டும், அதையும் அவன் சாப்பிட்டு முடித்த பிறகு.